கல்லாவுக்குள் எட்டிப் பார்க்கும் கண்

கல்லாவில் என்ன விழுகிறது என்பது முன்பு முதலாளிக்கும் கணக்குப்பிள்ளைக்கும் மட்டுமே தெரியும். இன்று கியூ.ஆர். அட்டை வழியே வரும் ஒவ்வொரு ரூபாய்க்கும் பதிவு உண்டு. அண்டை மாநிலமான கர்நாடகத்தில் 2025 ஜூலையில் வணிகவரித் துறை இந்த யு.பி.ஐ. விவரங்களை எடுத்துவைத்துக்கொண்டு, ஆண்டு வரவு 40 லட்சத்தைத் தாண்டியதாக ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. காய்கறி, பால் என்று வரியில்லாச் சரக்கு விற்றவர்களையும் விட்டுவைக்கவில்லை! பெங்களூரில் பல கடைக்காரர்கள் அட்டையைக் கழற்றிவிட்டு 'ரொக்கம் மட்டும்' என்று எழுதி வைத்தார்கள். எதிர்ப்பு வலுத்த பிறகு, ஜி.எஸ்.டி. பதிவு செய்துகொண்டால் பழைய பாக்கியை வசூலிப்பதில்லை என்று முதல்வர் சித்தராமையா அறிவித்தார்.

வரி கட்ட வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் மைத்துனர் திருப்பித் தந்த கைமாற்று, சீட்டுப் பணம், மகள் கல்யாண மொய் எல்லாம் அதே அட்டையில் விழுந்தால், குடும்ப விவகாரமும் சேர்ந்தல்லவா அதிகாரியின் மேஜைக்குப் போகிறது? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். ஆனாலும் நோட்டீஸ் வந்தால் விளக்கம் சொல்ல வேண்டியவர் கடைக்காரர்தான். எனவே வணிக அன்பர்கள் கடைக்கென்று தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளவும். வரியில்லாச் சரக்கின் கொள்முதல் பில்களையும் தனிக் கட்டாகப் பத்திரப்படுத்தவும்.