சுவர் திருப்பித் தரும் வெளிச்சம்

வீட்டுக்கு பெயின்ட் அடிக்கும்போது ‘லைட் கலரா, டார்க் கலரா’ என்ற பேச்சு வராமல் இருக்காது. அழகைவிட அதில் பெரியது வெளிச்சக் கணக்கு.

விழும் ஒளியில் எத்தனை சதவீதத்தை ஒரு நிறம் திருப்பி அனுப்புகிறது என்பதை எல்.ஆர்.வி. என்ற எண் சொல்லும். நல்ல வெள்ளைக்கு இது 80-க்கு மேல். கறுப்புக்கு 5 அளவில். வெள்ளை பெயின்டில் உள்ள டைட்டானியம் டை ஆக்சைடு துகள்கள் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கின்றன. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கும் இல்மனைட் என்ற கறுப்புத் தாதுதான் இந்த வெண்பொடிக்கு மூலப்பொருள்களில் ஒன்று. அடர் நிற பெயின்டில் இந்தப் பொடி குறைவு; அதிலுள்ள நிறமிகள் ஒளியின் பெரும்பகுதியை விழுங்கிவிடும்.

அறைக்குள் ஒளி ஒருமுறை பட்டதோடு நிற்பதில்லை. ஒரு சுவரில் பட்டது எதிர்ச்சுவருக்குப் போய்த் திரும்பவும் வரும். சுவர், தரை, கூரை எல்லாமே 80 சதவீதம் திருப்புவதாகக் கொண்டால், விளக்கு தரும் 100 பங்கு ஒளியோடு 80, 64, 51 என்று சேர்ந்துகொண்டே போய் மொத்தம் 500 பங்காகும். 20 சதவீதம் மட்டுமே திருப்பும் அறையில் 125-ஐத் தாண்டாது. அதே விளக்கு, அதே மின்சாரம். வெளிச்சமோ நான்கில் ஒரு பங்கு.

நிறம் கூடித் தெரிவதற்கும் இதுவே காரணம். மஞ்சள் சுவர்களுக்கிடையே ஒளி ஒவ்வொரு முறை மோதும்போதும் நீலம் இன்னும் குறையும். ஷேட் கார்டில் இளமஞ்சளாக இருந்தது நான்கு சுவரிலும் ஏறியதும் அடர்ந்து தெரிவது அதனால்தான்.

அடர் நிறத்துக்கும் இடமுண்டு. திரையிலிருந்து வரும் ஒளி சுவரில் பட்டுத் திரும்பிப் படத்தை வெளுக்கச் செய்யக்கூடாது என்றே திரையரங்குகளின் உட்புறம் இருட்டு நிறத்தில் இருக்கிறது. வீட்டில் டி.வி. பார்க்கும் அறைக்கும் அது பொருந்தும். ஆனால், பின்னால் வெளிர் நிறத்துக்கு மாற நினைத்தால் பிரைமரும் கூடுதல் கோட்டும் தேவைப்படும்.

உள்சுவரில் டார்க் கலர் அடித்தால் அறை வெந்துபோகும் என்று அஞ்ச வேண்டியதில்லை. வெயில் நேராகத் தாக்குவது மொட்டைமாடியையும் வெளிச்சுவரையும்தான். சூட்டைக் குறைக்க வெள்ளை அடிக்க வேண்டியது அங்கே.

ஜன்னல் சிறிதாக உள்ள அறைக்கும், படிக்கிற, சமைக்கிற இடத்துக்கும் வெளிர் நிறமே நல்லது. எதுவானாலும் கார்டை மட்டும் நம்பாமல், சுவரில் இரண்டடிக்கு அடித்துப் பார்த்து, பகல் வெளிச்சத்திலும் இரவு விளக்கிலும் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.