களைப்பு எங்கே தொடங்குகிறது?

மாலை நேரம். முன் விறாந்தையில் மகள் விஞ்ஞானப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு சத்தமாகப் பாடமாக்குகிறாள்: "கலம், இழையம், அங்கம், தொகுதி, அங்கி, குடித்தொகை, சாகியம், சூழற்றொகுதி, உயிர்க்கோளம்." குசினியில் உம்மா ஒரு முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். படியேறினால் மூச்சு வாங்குகிறது. குனிந்து நிமிர்ந்தால் தலை சுற்றுகிறது. "வயசு போகுது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். வயது முப்பத்தாறுதான்.

இந்தக் காட்சியை உங்கள் வீட்டிலும் கண்டிருப்பீர்கள். அந்த உம்மா நீங்களாகவே இருக்கவும் கூடும். மகள் பாடமாக்கும் வரிசைக்கும் உம்மாவின் களைப்புக்கும் என்ன தொடர்பு என்கிறீர்களா? அந்த வரிசையைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதலாவது கலம். 1665இல் இங்கிலாந்தைச் சேர்ந்த ரொபர்ட் ஹூக் என்பவர் தக்கைத் துண்டொன்றை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தார். அதில் தெரிந்த சின்னஞ்சிறு அறைகளுக்கு அவர் இட்ட பெயரே பின்னர் எல்லா உயிர்களின் அடிப்படை அலகுக்கும் நிலைத்தது. வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 30 இலட்சம் கோடி கலங்கள் இருப்பதாக விஞ்ஞானிகள் கணக்கிட்டிருக்கிறார்கள். எண்ணிக்கையில் அவற்றுள் ஐந்தில் நான்குக்கும் மேற்பட்டவை செங்குருதிக் கலங்களே.

இந்தச் செங்குருதிக் கலம் விசித்திரமானது. மற்றக் கலங்களுக்குள்ளே கரு உண்டு, ஒட்சிசனைப் பயன்படுத்திச் சக்தி தயாரிக்கும் இழைமணிகள் உண்டு. என்புமச்சையில் பிறந்து முதிரும்போது செங்குருதிக் கலம் இவை இரண்டையும் இழந்துவிடுகிறது. அந்த இடத்தையெல்லாம் ஈமோகுளோபின் என்ற புரதம் நிரப்பிக்கொள்கிறது. இழைமணி இல்லாதபடியால் தான் சுமக்கும் ஒட்சிசனில் ஒரு துளியையும் அது தனக்கென எடுப்பதில்லை. எல்லோருக்கும் பரிமாறிவிட்டுச் சட்டியைக் கழுவி வைக்கும் பெண்களைத்தான் இதை வாசித்தபோது நினைத்துக்கொண்டேன். சுமார் 120 நாட்கள் ஓடித் தேய்ந்தபின் அது உடைக்கப்படுகிறது. ஒவ்வொரு வினாடியும் ஏறத்தாழ இருபது இலட்சம் புதிய கலங்கள் பிறக்கின்றன.

ஒவ்வோர் ஈமோகுளோபின் மூலக்கூற்றிலும் நான்கு இரும்பு அணுக்கள் இருக்கின்றன. ஒட்சிசன் தொற்றிக்கொள்வது அவற்றில்தான். உடல் முழுவதையும் சேர்த்தாலும் இரும்பு மூன்று நான்கு கிராமைத் தாண்டாது, பெண்களில் இன்னும் குறைவு. ஒரு சிறிய ஆணி செய்யலாம், அவ்வளவுதான். தேய்ந்த கலங்களிலிருந்து கிடைக்கும் இரும்பை உடல் மறுபடியும் பயன்படுத்திக்கொள்கிறது. உணவிலிருந்து நாளொன்றுக்குப் புதிதாக எடுப்பது ஒன்றிரண்டு மில்லிகிராம் மட்டுமே. ஆனால் மாதவிடாய், கர்ப்பம், பிரசவம் என்று பெண்ணின் செலவு வரவை மிஞ்சிவிடுகிறது. ஒரு கர்ப்பத்துக்கு மட்டும் ஏறத்தாழ 1000 மில்லிகிராம் இரும்பு தேவைப்படும்.

இரும்பு குறைந்தால் கலங்கள் சிறுத்து வெளிறுகின்றன. அந்தக் குறையை அடுத்த படிகள் மூடி மறைக்கப் பார்ப்பதுதான் இதிலுள்ள சிக்கல். குருதியும் ஓர் இழையம்தான். அது தன்னிடமுள்ள ஒட்சிசனை வழமையை விட எளிதாகக் கைவிட்டுக் கொடுக்கிறது. இதயம் என்ற அங்கம் வேகமாக அடித்து ஈடு செய்கிறது, அதுதான் உங்கள் நெஞ்சுப் படபடப்பு. சுற்றோட்டத் தொகுதி தோலுக்குப் போகும் குருதியைக் குறைத்து மூளைக்கும் இதயத்துக்கும் முதலிடம் கொடுக்கிறது, அதனால்தான் முகம் வெளிறுகிறது. முழு அங்கியாகிய நீங்களும் உங்கள் பங்குக்கு, "ஒன்றுமில்லை, கொஞ்சம் அசதி" என்று சொல்லி வேலையைத் தொடர்கிறீர்கள். இப்படி எல்லோரும் சேர்ந்து மறைத்தால் குருதிச்சோகை வெளியே தெரிய மாதக்கணக்கில் ஆகும்.

அதனால்தான் களைப்பை நம்பாமல் குருதிப் பரிசோதனையை நம்ப வேண்டியிருக்கிறது. ஈமோகுளோபின் அளவு கர்ப்பிணிக்கு ஒரு டெசிலீற்றருக்கு 11 கிராமிலும், கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12 கிராமிலும் குறைந்தால் குருதிச்சோகை என்று கொள்கிறார்கள். கிளினிக்கில் தரும் இரும்பு வில்லைகளைச் சற்றுத் தெம்பு வந்ததும் நிறுத்திவிடுகிறோம். அது தவறு. வெறுமையான சேமிப்பு நிரம்பப் பல மாதங்கள் எடுக்கும். அந்த வில்லைகளைச் சின்னப் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். இனிப்பென்று நினைத்துப் பல வில்லைகளை விழுங்கிய குழந்தைக்கு அது கொடிய நஞ்சாகும்.

குடித்தொகை என்ற படியில் வேறொரு விடயம் காத்திருக்கிறது. தலசீமியா என்ற பரம்பரைக் குறைபாட்டிலும் குருதிச்சோகை வரும். நம் நாட்டில் குருநாகல் மாவட்டத்தில் இது கூடுதலாகக் காணப்படுகிறது. அதைக் காவுகின்ற இருவர் மணந்தால் பிள்ளை கடுமையாகப் பாதிக்கப்படலாம். சொந்தத்துக்குள் மணமுடிக்கும்போது இருவருமே காவிகளாக இருக்கும் வாய்ப்பு அதிகம். தலசீமியாவுக்கு இரும்பு வில்லை மருந்தல்ல, தேவையில்லாத இரும்பு தீங்கும் செய்யும். ஆகவே பேச்சுக்கால் முற்றாகுமுன் ஒரு குருதிப் பரிசோதனை செய்துகொள்வதில் வெட்கப்பட எதுவுமில்லை.

சாகியம் என்றால் பல இனங்கள் ஓரிடத்தில் கூடி வாழ்வது. விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் நம் குடலிலும் அப்படிச் சில வாழ்கின்றன. வெறுங்காலுடன் மண்ணில் நடப்போரின் தோலைத் துளைத்து நுழையும் கொழுக்கிப்புழு, குடலில் தொங்கியபடி குருதி குடிக்கும்.

சூழற்றொகுதிக்கு வருவோம். செம்மண்ணின் சிவப்பு இரும்பின் துருதான். மண்ணில் இரும்பு நிறைய இருந்தும், சுண்ணாம்பு கூடிய இடங்களில் வேர்களால் அதை உறிஞ்ச முடிவதில்லை. அப்போது இளம் இலைகள் மஞ்சளாகி நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்கும். பச்சையம் தயாரிக்கச் செடிக்கும் இரும்பு வேண்டும். நம் சாப்பாட்டு மேசையிலும் இதே கதைதான். முருங்கைக் கீரையும் பருப்பும் சாப்பிட்ட கையோடு ஒரு கோப்பை தேத்தண்ணி குடித்தால், தேயிலையிலுள்ள பொருட்கள் அந்த இரும்பைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாமல் தடுத்துவிடும். தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை, அது நம்மால் முடிகிற காரியமா? ஒன்றிரண்டு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள். கீரையில் தேசிக்காய் பிழிந்தால் இரும்பு கூடுதலாகச் சேரும். இறைச்சியிலும் மீனிலும் உள்ள இரும்பு எளிதில் சேரக்கூடியது. ஈரலும் நல்லதுதான், ஆனால் விற்றமின் ஏ மிக அதிகமாக இருப்பதால் கர்ப்பிணிகள் அதைத் தவிர்ப்பது நல்லது. பீற்றூட் சிவப்பாக இருப்பதால் குருதி ஊறும் என்பது வெறும் நிற மயக்கம். பேரீச்சம்பழத்திலும் இரும்பு நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை.

கடைசிப் படி உயிர்க்கோளம். மண்ணும் நீரும் காற்றுமாக, உயிர்கள் வாழும் இடமெல்லாம் சேர்ந்தது அது. நாம் சுவாசிக்கும் ஒட்சிசன் மரங்களிலிருந்து மட்டும் வருகிறதென்று நினைத்துவிடாதீர்கள். பூமியில் நடைபெறும் ஒளித்தொகுப்பில் ஏறத்தாழ அரைவாசி கடலில் நடக்கிறது. அதைச் செய்பவை பெரும்பாலும் ஒற்றைக் கலத்தாலான, கண்ணுக்குத் தெரியாத நுண்தாவரங்கள். ஆனால் சில பெருங்கடல் பகுதிகளில் மற்றப் போசணைகள் தாராளமாக இருந்தும் இவை செழிப்பதில்லை. அங்கே குறைவது இரும்பு என்று அமெரிக்கக் கடல் விஞ்ஞானி ஜோன் மார்ட்டின் 1980களின் பிற்பகுதியில் வாதிட்டார். பலர் அதை நம்பவில்லை. 1993இல் அவர் காலமான பிறகு, அதே ஆண்டில், பசுபிக் கடலில் கலாபகோஸ் தீவுகளுக்கு அருகே அவருடைய சகாக்கள் கப்பலிலிருந்து இரும்புக் கரைசலைக் கடலில் கலந்து பார்த்தார்கள். நுண்தாவரங்கள் பெருகின. 1995இல் மறுபடியும் அப்பகுதிக் கடலில் கலந்தபோது, நீலமாக இருந்த நீர் சில நாட்களில் குளத்து நீர்போலப் பச்சையாகியது. இரும்பு தீர்ந்தது. பச்சையும் மறைந்து, கடல் பழையபடி நீலமாகிவிட்டது.