வெயிலில் போன உயிருக்கு என்ன அத்தாட்சி?

கோடையில் வயலிலோ கட்டட வேலையிலோ சுருண்டு விழுந்து இறப்பவர்களின் வீடுகளில் ஒரே கதைதான் நடக்கிறது. “மாரடைப்புதான்” என்று யாரோ சொல்லிவிடுவார்கள். போலீசுக்குச் சொன்னால் உடம்பை அறுப்பார்களே என்ற பயம் வேறு. பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுகிறார்கள். காரியமெல்லாம் முடிந்தபின், நிவாரணம் உண்டாமே என்று கேள்விப்பட்டு இறப்புச் சான்றிதழோடு தாலுகா ஆபீசுக்கு ஓடுகிறார்கள். அந்தச் சான்றிதழில் எதனால் இறந்தார் என்ற விவரமே இருக்காது!

நிவாரணம் உண்டுதான், ஆனால் அது தாமதமாகத்தான் வந்தது. 2003 மே மாதம் சென்னை 45 டிகிரியைத் தொட்டது. 2015-ல் ஆந்திரா, தெலங்கானாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வெயிலுக்குப் பலியானார்கள். இவ்வளவுக்கும் பிறகு, 2024 அக்டோபரில்தான் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். ஆனால் வெப்பத்தால்தான் இறந்தார் என்று உரியவர்கள் சான்றளிக்க வேண்டும். எல்லோரும் சறுக்குவது இங்கேதான்.

ஆள் விழுந்தவுடன் முதல் வேலை அவரைக் குளிரவைப்பது. நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பாராசிட்டமால் இந்தச் சூட்டைத் தணிக்காது.

ஆம்புலன்சிலும் அவசர சிகிச்சைப் பிரிவிலும், “வெயிலில் வேலை செய்தவர், இத்தனை மணிக்கு விழுந்தார்” என்று தெளிவாகச் சொல்லி, எழுதச் சொல்லுங்கள். உடல் வெப்பநிலையை அளந்து குறிக்கச் சொல்லிக் கேளுங்கள். அக்குளில் வைத்தால் குறைத்துக் காட்டும். ஆசனவாயில் அளப்பதுதான் நம்பகமானது. அறுத்துப் பார்த்தால் மட்டும் வெயில் தெரிந்துவிடாது. உயிரோடு இருக்கும்போது எழுதப்பட்ட 40 டிகிரிக்கு மேற்பட்ட அளவு, விழுந்த இடம், நேரம் எல்லாம் சேர்ந்துதான் சாட்சி.

இறந்துவிட்டால், எடுப்பதற்கு முன் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 194-வது பிரிவில் பதிவு செய்து, அரசு மருத்துவமனையில் பிரேதப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். குற்றவாளியைத் தேடும் வழக்கல்ல இது, பயப்பட ஒன்றுமில்லை. வி.ஏ.ஓ.வுக்கும் அன்றே தகவல் சொல்லுங்கள். எரித்துவிட்டால் பரிசோதிக்க எதுவும் மிஞ்சாது.

மருத்துவமனையில் இறந்தால், இறப்புக்கான காரணச் சான்றின் நகலை நெருங்கிய உறவினருக்குத் தர வேண்டும் என்று 2023-ல் திருத்தப்பட்ட பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் சொல்கிறது. இல்லையென்று கைவிரித்தால் சட்டத்தைச் சொல்லிக் கேளுங்கள். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், தருபவர் தாசில்தார். இவற்றோடு முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களை இணைத்து தாசில்தாரிடம் மனு கொடுங்கள். ஒப்புகை வாங்காமல் நகராதீர்கள்.

“உத்தரவு வரலை” என்று இழுத்தடிப்பது ஆபீசுகளுக்குப் பழகிப்போன பதில். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் அந்த ஒப்புகையோடு மீண்டும் மனு கொடுங்கள். அப்படியும் அசையவில்லையா? தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, மனு எந்த மேசையில் இருக்கிறது என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

வேலையிடத்தில் இறந்தவரின் குடும்பத்துக்கு இன்னொரு உரிமையும் உண்டு: முதலாளி தரவேண்டிய இழப்பீடு. வழக்கமாக இதைத் தொழிலாளர் துறையில் இரண்டு வருடத்துக்குள் கோர வேண்டும். இந்த இழப்பீட்டுக்குப் பயந்துதான் சில மேஸ்திரிகள், “வீட்டுல செத்ததா சொல்லுங்க, செலவை நான் பாத்துக்குறேன்” என்று உடலைச் சுமந்துகொண்டு வந்துவிடுகிறார்கள். சம்மதிக்காதீர்கள். போலீஸ் புகாரில் வேலை நடந்த இடமும் வேலை கொடுத்தவர் பெயரும் இருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.