பேட்டையும் கொட்டகையும்

பேரூர் ஒன்று வளருங்கால் அதனை நாடி வருவோர் எங்ஙனம் அவ்வூரினராகின்றனர் என்னும் வினாவிற்கு, இருப்பிடப் பெயர்கள் ஓரளவு விடை தருகின்றன. செங்கற்பட்டு நிலப்பகுதியையும், அதனை ஒட்டி எழுந்து இன்று அதனுள்ளேயே படர்ந்து வரும் சென்னையையும் கொண்டு இதனை ஈண்டு ஆராய்வோம்.

18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கும்பினியார் துணி வாணிகத்தின் பொருட்டு நெசவாளரைச் சென்னையின் புறத்தே குடியேற்றினர். 1717 முதல் 1720 வரை ஆளுநராயிருந்த காலெட் என்பார் காலத்தில் திருவொற்றியூரை அடுத்து எழுந்த குடியிருப்பு அவர் பெயரையே பெற்றது. மக்கள் நாவோ அதனைக் காலடிப்பேட்டை ஆக்கிக்கொண்டது. பொருள் விளங்காத அயற்பெயர், பொருள் தோன்றும் சொல்லாக உருத்திரிந்தமைக்கு இதனினும் நல்ல சான்று அரிது. 1734இல் ஆளுநர் பிட் என்பார், கூவம் வளைந்து செல்லுமிடத்தில் சுங்குராமரின் தோட்டமாயிருந்த நிலத்தில் சிந்தாதிரிப்பேட்டையை அமைத்தார். அப்பெயரைச் 'சின்னத் தறிப்பேட்டை' என்பதன் திரிபாகக் கூறுவது வழக்கம். அவ்வொலிமாற்றம் முழுதும் பொருந்துவதாக நமக்குத் தோன்றவில்லை. எனினும் தறி அங்கிருந்தது என்பதில் ஐயமில்லை.

நூற்போர், நெய்வோர், வண்ணமெழுதுவோர், வெளுப்போர் ஆகியோரோடு கோயிற் பணியாளரும் ஆங்கு இடம்பெற்றனர். கும்பினியார் செய்தது அறமன்று, வாணிகக் கணக்கே. ஆயினும் தறிக்கு நிலையான இடம் வேண்டும். தறி நின்ற இடத்தில் குடும்பம் நின்றது. குடும்பம் நின்ற இடத்தில் கோயிலும் தெருவும் எழுந்தன. வந்தவர் ஊரினரானது இவ்வாறே. மாமல்லபுரத்திலும் இதனை ஒத்ததொரு நிலையைக் காண்கின்றோம். 1957இல் அங்கு அரசு சிற்பக் கல்விக்கூடம் தோன்றியபின், வெளியூரிலிருந்து பயில வந்தோருட் சிலர் பட்டறை அமைத்து அவ்வூரிலேயே தங்கினர்.

அம்மாமல்லபுரத்திற்குச் செல்லும் பழைய சாலையிலோ நிலைமை வேறு. நாவலூர், சிறுசேரி, கேளம்பாக்கம் முதலிய ஊர்களில் அடுக்குமாடிகளை எழுப்புவோருள் பீகார், ஒடிசா, மேற்கு வங்காளம் ஆகிய மாநிலத்தார் பலர். அவர்க்கும் நம் கொத்தனார்க்கும் பொதுவான சொல் ஒன்று உண்டு. நாம் 'மேஸ்திரி' என்பதும் அவர் 'மிஸ்திரி' என்பதும் போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற ஒரே சொல்லின் இரு வடிவங்களே. சொல் தங்கிவிட்டது, ஆள் தங்குவதில்லை. 1979ஆம் ஆண்டின் மாநிலம் பெயர்ந்த தொழிலாளர் சட்டம் தக்க உறைவிடம் தரவேண்டும் என்றது. ஆனால் வேலை நடக்கும் காலம் வரையில்தான். கட்டடம் முடிந்ததும் தகரக் கொட்டகை பிரிக்கப்படுகிறது. குடும்பத்தை ஊரில் விட்டு வந்தவன் அடுத்த கொட்டகைக்குச் செல்கின்றான். 2020 மே திங்களில் சிறப்புத் தொடர்வண்டிகளில் ஊர் திரும்பியோர் பின்னே, அவர்கள் வாழ்ந்த இடத்தைக் குறிக்கும் பெயர் ஒன்றும் எஞ்சவில்லை.

பெரும்பாக்கத்து மக்கள் இவ்விரு திறத்தாருள் எவரோடும் முற்றும் ஒவ்வார். கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து அரசால் பெயர்க்கப்பட்ட குடும்பத்தினர் இவர்கள். நகரினுள்ளிருந்தே நகரின் எல்லைக்குப் பெயர்ந்தவர்களாதலின், இவர்க்கு மொழி புதிதன்று, தொழிலிடமே தொலைவாயிற்று. நெசவாளர்க்குத் தறியோடு மனை கிடைத்தது. இவர்க்கோ மனை மட்டுமே கிடைத்தது. வேலையை நாடி நாள்தோறும் பழைய கரைக்கே பேருந்தில் செல்வோர் உளர். குடியிருப்புகளுக்கு அரசு எண்களை இட்டுள்ளது. அவ்வெண்களுக்கு அப்பால் மக்கள் தம்முள் வழங்கும் பெயர்கள் யாவை, அவற்றுள் பழைய கரையின் பெயர்கள் எத்துணை என்பதை எவரேனும் தொகுத்தல் வேண்டும். செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் 2022 முதல் அதே பெரும்பாக்கத்தில் இயங்கி வருதலின், அங்கு வரும் முதுகலை மாணாக்கர்க்கு அத்தெருக்கள் நடந்து செல்லும் தொலைவிலேயே உள்ளன.