காந்தத்தை நம்பி ஓடினேன்

என் டிரெட்மில்லை இணையத்தில் பார்த்து 150 வெள்ளிக்கு வாங்கினேன். பழையதுதான், ஆனால் நன்றாக ஓடியது. “சேஃப்டி கீ தொலைஞ்சுபோச்சு, இது போதும்” என்று விற்றவர், குளிர்பதனப் பெட்டியில் ஒட்டும் காந்தம் ஒன்றை அந்த இடத்தில் ஒட்டிக் காட்டினார். பினாங்கில் வாங்கிய நினைவுப் பொருளாம். உடனே இயந்திரத்துக்கு உயிர் வந்தது. எனக்குச் சிரிப்புதான் வந்தது.

அந்தச் சாவியில் ஒரு கயிறும் கிளிப்பும் இருக்கும். கிளிப்பை நம் சட்டையில் மாட்ட வேண்டும். தடுமாறிப் பின்னே போனால் கயிறு இழுபட்டு, சாவி கழன்று, பெல்ட் நின்றுவிடும். காந்தத்துக்கு நாம் விழுந்தது எப்படித் தெரியும்?

மூன்றாவது வாரம். மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தேன். கைப்பேசி நழுவியது. பிடிக்கக் குனிந்தவள் கீழே கிடந்தேன். வீவக படுக்கையறையில் இடம் ஏது? இயந்திரத்துக்கும் பின்சுவருக்கும் இரண்டு சாண்தான் இடைவெளி. பெல்ட் என்னை வெளியே தள்ள வழியில்லாமல், சுவரோடு சேர்த்து வைத்துத் தேய்த்தது. அம்மா ஓடிவந்து சுவிட்சை அணைப்பதற்குள் முழங்காலில் தோல் போய்விட்டது. “இது சிராய்ப்பு இல்லம்மா, உராய்வில் வந்த தீப்புண்” என்றார் பலதுறை மருந்தகத் தாதி.

அன்றிரவு தூக்கம் வராததற்கு வலி காரணமில்லை. சனிக்கிழமைதோறும் அக்கா மகன் வருவான். மூன்று வயது. சுற்றுகிற எதையும் தொட்டுப் பார்க்க வேண்டும் அவனுக்கு. நான் முன்னால் பார்த்தபடி, காதில் பாட்டோடு ஓடுவேன். பின்னால் அவன் கை வைத்தால் எனக்கு எப்படித் தெரியும்? குழந்தையின் தோல் மெல்லியது. ஓடும் பெல்ட்டில் சில நொடி போதும், தோல் ஒட்டுச் சிகிச்சை வரை போகலாம்.

மலிவான இயந்திரம் என்பதால் வந்த வினை என்றும் சொல்ல முடியாது. 2021 மே மாதம் பெலோட்டன் நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 125,000 ‘டிரெட் பிளஸ்’ இயந்திரங்களைத் திரும்பப் பெற்றது. அதன் அடியில் இழுக்கப்பட்டு ஆறு வயதுக் குழந்தை ஒன்று இறந்திருந்தது. ஆயிரக்கணக்கான வெள்ளி விலையுள்ள இயந்திரம் அது.

மாடல் எண்ணைத் தேடி அசல் சாவியை வரவழைத்தேன். டிரெட்மில் கூடத்துக்கு வந்தது. பின்னால் 2 மீட்டர் காலியாக இருக்க, சோபா ஒன்று வீட்டைவிட்டுப் போனது. (அம்மாவுக்கு இன்னும் கோபம்.) ஓரத்துப் பலகைகளில் நின்றபடி இயக்கி, பெல்ட் மெதுவாக நகரத் தொடங்கிய பிறகே கால் வைக்கிறேன். கைப்பேசி மேசையில். குழந்தை விழித்திருந்தால் ஓட்டம் கிடையாது.

ஸ்பின் பைக் வைத்திருக்கும் தோழிக்கும் சொல்லியிருக்கிறேன். பல பைக்குகளில் நாம் மிதிப்பதை நிறுத்தினாலும் கனமான சக்கரமும் பெடலும் சேர்ந்தே சுற்றும். நிறுத்துவதற்கான குமிழ் எங்கே என்று ஏறுமுன்பே தெரிந்துகொள்ள வேண்டும். இறங்கிய பின் சக்கரம் முழுதாக நிற்கும்வரை பிள்ளைகள் பக்கத்தில் வரக்கூடாது.

ஓடி முடித்ததும் பிளக்கைப் பிடுங்குகிறேன். சாவியைக் கழற்றி எங்கே வைப்பது என்பதில்தான் வீட்டில் விவாதம். முடிவில் அம்மா அதைச் சாமி மேடையில், திருநீற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். பொடியனுக்கு எட்டாத உயரம். சனிக்கிழமை அண்ணாந்து பார்த்து, “சித்தி, அந்தச் சிவப்புச் சாமி யாரு?” என்று கேட்டான்.