வீட்டு நாயின் குறிப்பறிந்து பழகுதல்

கமக்காரரின் வளவில் நாய்க்கு என்றும் இடமுண்டு. மரக்கறித் தோட்டத்தினுள் கட்டாக்காலி மாடுகள் புகாமலும், முற்றத்திற் காயும் நெல்லைக் குரங்குகள் அள்ளாமலும், இரவில் முள்ளம்பன்றி கிழங்குப் பாத்தியைக் கிண்டாமலும் காப்பதற்கு அது துணைநிற்கின்றது. ஆயினும், அதே நாய் ஒருநாள் வீட்டுப் பிள்ளையையே கடித்துவிடுவதுமுண்டு. “இத்தனை காலமும் சாதுவாயிருந்த நாய் திடீரெனக் கடித்துவிட்டது” என்று வீட்டார் கூறுவர். பெரும்பாலும் அது திடீரென நிகழ்வதன்று. கடிப்பதற்கு முன்னரே நாய் தன் உடலாற் பலமுறை அறிவித்திருக்கும்; அதனைக் கவனிக்க நாம் தவறியிருப்போம். நாயின் குறிப்புகளை அறியும் முறையை இப்பிரசுரம் விளக்குகின்றது.

நாய் காட்டும் அடையாளங்கள்

அச்சமோ மனக்குழப்பமோ ஏற்படும்பொழுது நாய் முதலில் விலகிப்போகவே முயலும். முகத்தை அப்பாற் திருப்பும். உணவு எதுவும் இல்லாதபொழுதும் உதட்டை நக்கும். தூக்கமின்றிக் கொட்டாவி விடும். காதுகளைப் பின்னோக்கி மடித்து, வாலைக் கால்களுக்கிடையே ஒடுக்கும். கண்ணின் வெண்பகுதி பிறைபோற் தெரியும். இவற்றைக் கண்டதும் நாயை விட்டு விலகி, அதற்குப் போக வழிவிடல் வேண்டும்.

வாலாட்டும் நாய் யாவும் மகிழ்ச்சியுடன் நிற்கின்றன என எண்ணுதல் தவறு. உடல் முழுவதும் தளர்ந்து நெளிய, வாலை அகல ஆட்டும் நாய் நட்புடையது. உடல் விறைத்து, வாலை உயர்த்தி, அதன் நுனியை மட்டும் மெல்ல ஆட்டிக்கொண்டு உற்றுநோக்கும் நாய் எச்சரிக்கின்றது.

உறுமலைத் தண்டித்தலாகாது

உறுமல் என்பது “இதற்குமேல் கிட்ட வராதே” என்னும் அறிவித்தலாகும். உறுமியதற்காக நாயை அடிப்பவர் அதன் அச்சத்தைப் போக்குவதில்லை; அதன் எச்சரிக்கையை மாத்திரமே அடக்குகின்றார். அடிக்கஞ்சி உறுமாதிருக்கப் பழகிய நாயே பின்னர் முன்னறிவித்தலின்றிக் கடிப்பதாகும். ஆகவே, உறுமல் கேட்டவிடத்துப் பிள்ளையை அப்புறப்படுத்தி, உறுமியதன் காரணத்தை ஆராய்தல் வேண்டும். காதுப்புண், அடிபட்ட கால், உடலில் ஏறிய முள் ஆகியனவும் காரணமாகலாம்.

தண்டனையும் பாராட்டும்

தோட்டத்தைக் கிண்டிய நாயை மாலையில் வீடு திரும்பியபின் அடிப்பதாற் பயனில்லை. தான் எதற்காக அடிக்கப்படுகின்றது என்பதை அது அறியாது. “குற்றம் செய்ததனாலன்றோ தலைகுனிந்து நிற்கின்றது” என்பர் சிலர். அமெரிக்காவில் அலெக்ஸாண்ட்ரா ஹொரோவிற்ஸ் என்பார் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகின்றது. வளர்ப்பவர் கண்டித்தபொழுதே நாய்கள் அத்தகைய முகத்தைக் காட்டின. உண்மையிற் குற்றம் செய்தனவா, இல்லையா என்பதைப் பொறுத்து அது அமையவில்லை. எனவே, அது குற்றவுணர்வன்று. நம் கோபத்துக்கு அஞ்சும் தன்மையே.

நல்ல செயலைச் செய்த அக்கணத்திலேயே இன்சொல்லும் ஒரு துண்டு உணவும் கொடுத்தால் நாய் அதனை மீண்டும் செய்யும். புதிதாக நீர் பாய்ச்சிய பாத்தியை அது கிண்டுவது பெரும்பாலும் குளிர்ந்த மண்ணிற் படுப்பதற்கேயாகும். மரநிழலில் ஒரு பள்ளமும் ஒரு சட்டி தண்ணீரும் அமைத்துக் கொடுத்தால் பாத்தி தப்பும்.

குட்டிப் பருவம்

ஸ்கொட், புலர் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் நாய்க்குட்டிகளை நெடுங்காலம் ஆராய்ந்து 1965ஆம் ஆண்டில் நூலொன்றை வெளியிட்டனர். ஏறக்குறைய 3ஆம் கிழமை தொடக்கம் 12ஆம் கிழமை வரையுள்ள காலமே குட்டி பிறருடன் பழகக் கற்கும் முக்கிய பருவமென அவர்கள் காட்டினர். இப்பருவத்திற் பிள்ளைகள், முதியோர், ஆடுமாடுகள், உழவு இயந்திரத்தின் ஓசை ஆகியவற்றைக் குட்டி அச்சமின்றி அறிந்துகொள்ளச் செய்தல் நன்று. ஆனால், 8 கிழமைக்கு முன் தாயிடமிருந்து பிரித்தலாகாது.

பகல் முழுவதும் குறுகிய சங்கிலியிற் கட்டப்பட்ட நாய், அஞ்சியவிடத்து விலகிப்போக இயலாமையாற் கடிக்கப் பழகும். வேலியைச் செப்பனிட்டு, படலையை அடைத்து, வளவினுள் நடமாட விடுதல் மேலானது. யானை வெடியும் இடிமுழக்கமும் கேட்டு நடுங்கும் நாய்க்கு வீட்டினுள் ஒதுங்க ஓரிடம் கொடுத்தல் வேண்டும்.

பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டியவை

1. உண்ணும் நாய், உறங்கும் நாய், குட்டி ஈன்ற நாய், கட்டப்பட்ட நாய், காயமுற்ற நாய் ஆகிய ஐந்தையும் நெருங்கலாகாது.
2. நாயைக் கட்டியணைத்தல், வாலை இழுத்தல், அதன் முகத்தோடு முகம் வைத்தல் ஆகியன கூடா.
3. அந்நிய நாய் எதிர்ப்பட்டால் ஓடாமல், கைகளைத் தொங்கவிட்டு, அதன் கண்களை நோக்காமல் அசையாது நிற்றல் வேண்டும்.
4. சிறு குழந்தையையும் நாயையும் பெரியோரின் பார்வையின்றி ஒருங்கே விடலாகாது.

குணம் மாறுதலும் விசர்நோயும்

நாயின் இயல்பை அறிந்தவருக்கே அதன் மாற்றமும் விளங்கும். விசர்கொண்ட நாய் எப்பொழுதும் ஓடிக் கடிப்பதில்லை. சில நாய்கள் இருண்ட மூலையில் ஒதுங்கிக் கிடக்கும். குரைக்கும் ஓசை மாறும். கீழ்த்தாடை தொங்கி வீணீர் வடியும். தொண்டையில் எலும்பு சிக்கியதென எண்ணி அதன் வாயினுட் கைவிடுதல் உயிருக்கு ஆபத்தாகும்.

எந்நாய் கடிப்பினும், நகத்தாற் கீறினும், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவி, உடனே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்க. நோய்க்குறிகள் தோன்றியபின் மனிதரைக் காப்பாற்றுதல் பெரும்பாலும் இயலாது. ஆனால், காலந்தாழ்த்தாது ஊசி ஏற்றிக்கொள்வதால் நோயைத் தடுக்கலாம். வீட்டு நாய்க்கு ஆண்டுதோறும் விசர்நோய்த் தடுப்பூசி ஏற்றி, அதன் அட்டையைப் பத்திரமாக வைத்திருத்தல் வேண்டும்.

பயிரின் இலை மஞ்சளித்தால் அதன் காரணத்தைத் தேடுவது கமக்காரரின் வழக்கம். நாயின் காதும் வாலும் கண்ணும் கூறுவதையும் அவ்வாறே நோக்கி வருபவரின் வீட்டிற் பிள்ளைகளும் பாதுகாப்பாயிருப்பர். தோட்டமும் காவல் பெறும்.

மேலதிக விளக்கம் வேண்டுவோர் தத்தம் பகுதிக் கால்நடை வைத்திய அதிகாரியை அணுகுக.