பெற்ற தாய் யார்? தத்துத் தந்தை எதுவரை தேடலாம்?

தடுப்பூசி போடப் போகும் இடத்தில் டாக்டர் வழக்கமாகக் கேட்பதுதான்: "குடும்பத்துல யாருக்காவது ஆஸ்துமா, சர்க்கரை இருக்கா?" தத்தெடுத்த அப்பாக்கள் பலர் அங்கேதான் விழிக்கிறார்கள். பிள்ளையின் சுருட்டை முடியும் இடது கைப் பழக்கமும் யாரிடமிருந்து வந்தவை என்ற யோசனை அவர்களுக்கு முன்பே உண்டு. பெற்ற அம்மா யார் என்று தேடிப் பார்த்தால் என்ன? சட்டம் இதற்கு எதுவரை இடம் கொடுக்கிறது?

கையில் கிடைப்பது என்ன?

'காரா' எனப்படும் மத்திய தத்துவள ஆணையத்தின் வழியாகத் தத்தெடுப்பவர்களுக்குக் குழந்தையின் படம், குழந்தை ஆய்வு அறிக்கை, மருத்துவப் பரிசோதனை அறிக்கை ஆகியவை தரப்படும். பெற்றவரின் அடையாளத்தை அவற்றில் எதிர்பார்க்க முடியாது.

குழந்தை இருந்த தத்தெடுப்பு மையத்தின் கோப்பில் என்ன இருக்கும் என்பது குழந்தை வந்த வழியைப் பொறுத்தது. தாயே ஒப்படைத்திருந்தால், குழந்தைகள் நலக் குழுவின் முன் பத்திரத்தில் கையெழுத்திட்டிருப்பார். மனம் மாறினால் குழந்தையைத் திரும்பப் பெற அவருக்கு 2 மாத அவகாசமும் உண்டு. அந்த விவரங்கள் ரகசியமாக வைக்கப்படும். யாரும் பார்க்காத நேரத்தில் தொட்டிலில் விட்டுப்போன குழந்தை என்றால், தாயைப் பற்றிய பக்கமே காலியாக இருக்கும். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தில், பெயர் சொல்லாமல் விட்டுப்போகலாம் என்ற தைரியம்தான் பல குழந்தைகளின் உயிரைக் காத்தது.

யார் தேடலாம்?

2022ஆம் ஆண்டின் தத்தெடுப்பு விதிமுறைகளில் 'வேர் தேடல்' என்ற ஏற்பாடு இருக்கிறது. 18 வயது கடந்த பிள்ளை தானே காராவுக்கு இணைய வழியில் விண்ணப்பிக்கலாம். வயது அதற்குக் குறைவென்றால், தத்துப் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். மூன்றாம் நபர் தேட அனுமதி இல்லை. ஆக, பிள்ளையை விட்டுவிட்டு அப்பா மட்டும் போய்க் கேட்பதற்கு இதில் வழி இல்லை.

பெயரை வெளியிட வேண்டாம் என்று தாய் கேட்டிருந்தால், முதலில் அவரது சம்மதத்தைப் பெற வேண்டும். அவர் மறுத்தாலோ, இருக்குமிடம் தெரியாவிட்டாலோ, எந்தச் சூழலில் குழந்தையை ஒப்படைத்தார் என்பதைப் பிள்ளைக்குச் சொல்வார்கள். பிள்ளையின் உரிமை பெற்றவரின் அந்தரங்கத்தை மீறக் கூடாது என்கிறது விதி.

ஏன் இவ்வளவு கெடுபிடி?

அந்தத் தாய் கல்யாணமாகாத பெண்ணாக இருந்திருக்கலாம். இன்று கணவர், பிள்ளைகள், மாமியார் என்று வேறொரு வாழ்க்கையில் இருக்கலாம். "பத்து வருஷம் முன்னாடி இந்த ஊர்ல ஒரு பொண்ணு..." என்று டீக்கடையில் ஒருவர் நல்ல மனத்தோடு விசாரித்தாலே போதும், சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பேச்சாகிவிடும்.

அப்பா என்ன செய்யலாம்?

டாக்டரிடம், "தத்தெடுத்த குழந்தை, குடும்ப நோய் விவரம் தெரியாது" என்று தயங்காமல் சொல்லிவிடலாம். குழந்தை ஆய்வு, மருத்துவ அறிக்கைகள் இரண்டையும் தத்தெடுப்பு ஆணையையும் பத்திரப்படுத்த வேண்டும். பிள்ளை நாளை தேடப் புறப்பட்டால் அவைதான் ஆதாரம். தத்தெடுத்த விஷயத்தைச் சின்ன வயதிலிருந்தே, புரிகிற அளவுக்குச் சொல்லிவர வேண்டும். உறவினர் வாயால் தெரியவந்தால் பிள்ளைக்கு அப்பா மீதே நம்பிக்கை போய்விடும்.

வளர்ந்த பிள்ளை தேட விரும்பினால் கூடவே போகலாம். "எனக்குத் தெரிய வேண்டாம்" என்றால் விட்டுவிட வேண்டும். அப்பாவின் ஆவலுக்காக மட்டும் அந்தக் கோப்பைத் திறக்கச் சட்டத்தில் இடமில்லை, இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.